நாளைய பாங்காக் நகருலா: உறுப்பினர் கவனத்திற்கு

பொள்ளாச்சி நடைப்பயிற்சிக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாளை காலை 7.30 மணிக்கு விடுதி வாசலிலிருந்து பேருந்து புறப்படும். முதலில் காணவிருப்பது 1782ஆம் ஆண்டு தாய்லாந்து மன்னர் முதலாம் ராமர் கட்டத் தொடங்கிய பெரிய அரண்மனை. அங்கே தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம் என்பதால், அரைக்கால் சட்டையைத் தவிர்க்குமாறும், வேட்டியில் வரும் பெரியவர்கள் ஊர்ப்பழக்கத்தில் மடித்துக் கட்டிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம். வளாகத்திலுள்ள மரகத புத்தர், பெயரில் மரகதம் இருந்தாலும், பச்சை ஜேட் கல்லில் செதுக்கப்பட்டவர். கோடை, மழை, குளிர் என மூன்று பருவங்களுக்கும் அவருக்கு மன்னரே உடை மாற்றுவது மரபு. சந்நிதிக்குள் படம் எடுக்கக் கூடாது. "இன்று அரண்மனை விடுமுறை" என்று ஆட்டோக்காரர் எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். நேற்று நம்மவர் இருவர் அப்படித்தான் நகைக்கடையில் போய் இறங்கினார்கள்.

அடுத்து வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளத்தில் சயனித்திருக்கும் புத்தரைக் காண்போம். அவருக்குப் பின்புறம் வரிசையாக உள்ள 108 கிண்ணங்களில் காசு இட விரும்புவோர் சில்லறை வைத்துக்கொள்ளவும். மதியத்திற்கு நம் சமையல்காரர் அரிசியும் பருப்பும் சாதம் கட்டித் தருகிறார்.

மாலையில், வாட் சுதாட் கோயில் முன்னுள்ள சிவப்புநிற ராட்சத ஊஞ்சலைத் தவறவிடாதீர்கள். 1935 வரை இங்கே ஊஞ்சலாடி நடந்த திரியம்பாவாய் விழாவின் பெயர், நம் மார்கழித் திருவெம்பாவையிலிருந்து வந்ததாகும். இறுதியாகச் சீலோம் சாலை மாரியம்மனைத் தரிசித்து விடுதி திரும்புவோம்.

கடவுச்சீட்டு நகலும் விடுதி முகவரிச் சீட்டும் சட்டைப்பையில் இருக்கட்டும். மூட்டுவலி உள்ளவர்கள் இன்றிரவே தெரிவித்தால், சக்கர நாற்காலிக்கு ஏற்பாடு செய்ய முயல்வோம்.