அந்தப் படம் கேளிக்கை இரவு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரி வாழ்க்கை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாலு பக்கக் கட்டுரையில் ஃபிரட்டர்னிட்டி என்ற மாணவர் சங்கங்களுக்கு ஒரே ஒரு பத்தி. அதில், 'சேவை என்பது இவர்கள் குடியின் மேல் போர்த்திக்கொள்ளும் சால்வை' என்று ஒரு வரி. அதை மட்டும் என்றால் கட்டுரையாளரின் அபிப்பிராயம் என்று விட்டிருப்பேன். பக்கத்திலேயே ஒரு படமும் போட்டிருக்கிறீர்கள். பெரிய உள்ளரங்கம், கலர் கலராகச் சட்டை போட்ட பிள்ளைகள், கையைத் தூக்கிக்கொண்டு ஆட்டம். கீழே 'ஃபிரட்டர்னிட்டி மாணவர்களின் கேளிக்கை இரவு' என்று எழுதியிருக்கிறது.

அது பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டான்ஸ் மாரத்தான். மேடையில் சிலர் தலைக்கு மேல் எண் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே, அது அந்த வருடம் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்காகத் திரட்டிய மொத்தத் தொகை. அந்தத் தொகையைத் தூக்கிப் பிடிக்கும்போது அரங்கத்தில் பாதிப் பேர் அழுதுகொண்டிருப்பார்கள். நான் அங்கே நின்றிருக்கிறேன், நானும் அழுதிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குத் தொடங்கினால் ஞாயிறு மாலை 4 மணி வரை, 46 மணி நேரம், ஆடுகிற பிள்ளைகள் உட்காரக் கூடாது, தூங்கக் கூடாது. 1973ல் இதைத் தொடங்கியதே அந்தப் பல்கலைக்கழகத்தின் ஃபிரட்டர்னிட்டிகளின் கூட்டமைப்புதான். முதல் வருடம் 2,000 டாலருக்குச் சற்று மேல் சேர்ந்தது. 2025ல் சேர்ந்தது 1 கோடியே 77 லட்சம் டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய 150 கோடி ரூபாய். 1977 முதல் இந்தப் பணம் 'ஃபோர் டைமண்ட்ஸ்' என்ற அறக்கட்டளைக்குப் போகிறது. 14 வயதில் புற்றுநோயில் இறந்துபோன தங்கள் மகனின் நினைவாக ஒரு தம்பதி தொடங்கியது அது. ஹெர்ஷி குழந்தைகள் மருத்துவமனையில் சிகிச்சை பெறும் குடும்பங்களுக்கு இன்சூரன்ஸ் கொடுத்தது போக மிச்சமிருக்கும் செலவை அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆராய்ச்சிக்கும் கொடுக்கிறார்கள். ஆசிரியர் அவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் அந்த வரி எப்படி அச்சுக்குப் போனது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

எங்கள் தெருவில் ஓர் ஆந்திரக் குடும்பம் இருக்கிறது. அவர்கள் பெண்ணுக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்தத் தாய் ஒரு நாள் இரவு என்னிடம் வந்து, வளையல்களை விற்றால் இங்கே என்ன விலைக்கு எடுப்பார்கள் என்று கேட்டாள். விற்க வேண்டிய அவசியமே வரவில்லை. பல மாதம் கழித்து, கட்ட வேண்டிய தொகை பூஜ்யம் என்று வந்திருந்த மருத்துவமனைக் காகிதத்தை எடுத்துவந்து காட்டினாள். அந்தப் பெண் இப்போது பள்ளிக்குப் போகிறாள். உங்கள் பத்திரிகையை அவர்களால் படிக்க முடியாது. அந்த மட்டில் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

என் மகன் அங்கேதான் படிக்கிறான். ஃபிரட்டர்னிட்டியில் சேரப் போகிறேன் என்று சொன்னபோது கூடாது என்றேன். 2017ல் அதே பல்கலைக்கழகத்தில், ஒரு ஃபிரட்டர்னிட்டி வீட்டில், புதிதாகச் சேர வந்த மாணவரை அளவுக்கு மீறிக் குடிக்க வைத்து, அவர் விழுந்து அடிபட்டு இறந்தார். அதன் பிறகுதான் பென்சில்வேனியாவில் அடுத்த வருடம் ராகிங்குக்கு எதிரான கடுமையான சட்டம் வந்தது. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. கட்டுரையாளர் இதை எழுதியிருந்தால் கைகூப்பியிருப்பேன். நடந்த சாவைப் பற்றி ஒரு வரி இல்லை, நடக்கும் சேவையைப் பற்றி மட்டும் ஏளனம்.

அப்புறம் மகன் சேர்ந்தான். அவன் சங்கத்துக்கென்று ஒரு குழந்தையின் குடும்பத்தை இணைத்துவிட்டார்கள். அந்தப் பையனின் பிறந்தநாளுக்குப் போவார்கள், அவன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் வீடியோவில் கூப்பிட்டுப் பேசுவார்கள். நன்கொடை கேட்டு உறவினர் எல்லோருக்கும் மகன் கடிதம் எழுதினான். ஊரில் இருக்கும் என் அண்ணனுக்கும் தமிழில் எழுதினான், எழுத்துப் பிழைகளோடு. அண்ணன் போன் போட்டு, 'பையனைப் பிச்சை எடுக்க விட்டுட்டியாம்மா' என்று கேட்டார். அதை நான் மகனிடம் சொல்லவே இல்லை. உங்கள் கட்டுரையைப் படித்தபோது அண்ணன் குரல்தான் மறுபடி காதில் விழுந்தது.

அந்த 46 மணி நேரமும் ஆடியவர்களில் அவனும் ஒருவன். ஞாயிறு காலை போய்ப் பார்த்தேன். கால் வீங்கி, இரண்டு நண்பர்கள் தோளில் தாங்கிக்கொண்டு நின்றான். 'உட்கார்ந்துக்கோடா' என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை.

நானும் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தவள். சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் முகாம் போட்டு ஊருணி தூர் வாரினோம். பகலெல்லாம் சட்டி சட்டியாக மண் சுமந்துவிட்டு, ராத்திரி பாட்டும் கும்மியுமாக ஆடுவோம். அந்தக் கும்மியை மட்டும் படம் எடுத்து, கேளிக்கைக்கு வந்த பெண்கள் என்று யாராவது எழுதியிருந்தால் என் அப்பா என்னைப் படிப்பிலிருந்தே நிறுத்தியிருப்பார். சந்தோஷமாகச் செய்தால் அது சேவை இல்லை என்று யார் சொன்னது?

இது முதல் தடவையும் இல்லை. வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுதும்போதெல்லாம் வேர் அறுந்தவர்கள், பாசம் தெரியாதவர்கள் என்றுதான் வருகிறது. இரண்டு முறை மறுத்து எழுதினேன். இரண்டும் வெளிவரவில்லை. இங்கே ஒரு தமிழ் அமைப்பின் பொங்கல் விழாவில் மகனும் அவன் நண்பர்கள் பத்துப் பேரும் நானூறு பேருக்குப் பந்தி பரிமாறிப் பாத்திரமும் கழுவினார்கள். அதில் ஏழு பேர் வெள்ளைக்காரப் பையன்கள். மேடையில் சால்வை நன்கொடையாளர்களுக்குத்தான் விழுந்தது. விழாவைப் பற்றி உங்கள் இதழில் வந்த செய்தியிலும் அவர்கள்தான். பையன்கள் அதை எதிர்பார்க்கவும் இல்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் நினைவிடத்தின் படத்தை நீங்கள் அட்டையிலேயே போட்டிருக்கிறீர்கள். 2011ல் திறந்த அந்த நினைவிடம் வேண்டும் என்று கிளம்பி, பல வருடம் பணம் திரட்டப் பாடுபட்டது ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா. 1906ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் தொடங்கிய ஃபிரட்டர்னிட்டி அது. கிங்கும் அதன் உறுப்பினர். இதே பென்சில்வேனியாவில், ஈஸ்டன் நகரின் லாஃபயெட் கல்லூரியில், சேவைக்காகவே 1925ல் தொடங்கியது ஆல்ஃபா ஃபை ஒமேகா. எல்லோரையும் ஒரே சால்வையில் சுருட்டிவிட்டாரே கட்டுரையாளர்.

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. பத்தொன்பது வருடமாகச் சந்தா கட்டுகிறேன், இனியும் கட்டுவேன். அந்தப் படத்தின் கீழே இருக்கும் வரியை மட்டும் அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள். 'புற்றுநோய்க் குழந்தைகளுக்காக நிதி திரட்டிய மாணவர்கள், பென் ஸ்டேட்' என்று இருந்தால் போதும்.

அந்தப் பக்கத்தைக் கிழித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எண் அட்டைகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹாரிஸ்பர்க், பென்சில்வேனியா