ஆணை இல்லாமல் விழும் வெட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நலத்திட்டங்களைக் குறைக்கலாமா என்ற விவாதம் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் "இலவசம் வேண்டுமா, வேண்டாமா" என்ற ஒற்றைக் கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை மக்கள் கருத்து என்று எடுத்துக்கொள்வது தவறு. "வசதியானவர்களுக்கு ரேஷன் அரிசி எதற்கு?" என்றால் பலரும் தலையாட்டுவார்கள். யார் வசதியானவர் என்று அரசு கோடு போட்டு, தன் அட்டையும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனதைப் பார்த்த அன்றுதான் உண்மையான கருத்து வெளியே வரும்.

தமிழகம் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறது. ஜெயலலிதா ஆட்சியில் வருமானத்தை அளவுகோலாக்கி ரேஷன் அட்டைகளில், ரேஷன் சலுகை இல்லை என்று காட்டும் 'எச்' முத்திரை குத்தினார்கள். விவசாயிகளின் இலவச மின்சாரமும் போனது. 2004 மக்களவைத் தேர்தலில் 39 தொகுதிகளிலும் அ.தி.மு.க. அணி தோற்றது. முடிவு வந்த சில நாட்களிலேயே முத்திரை நீங்கியது, இலவச மின்சாரம் திரும்பியது. அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் ரேஷன் அட்டையில் வெளிப்படையாகக் கைவைக்கத் துணியவில்லை.

ஆனால் அன்று கட்சிகள் படித்த பாடம் வேறு. வெட்டக் கூடாது என்றல்ல, ஆணை போட்டு வெட்டக் கூடாது என்றே படித்தார்கள். தொகையை அப்படியே விட்டுவைத்தால் போதும், விலைவாசி மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

முதியோர் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 2007-க்குப் பிறகு அது நகரவில்லை. மீதியை மாநில அரசு போடுகிறது. 2011-ல் மொத்தம் 1,000 ரூபாய் ஆக்கப்பட்டது; அடுத்த உயர்வு 2023-ல், 1,200 ரூபாய். ஆண்டுக்கு 5 சதவீதம் என்று குறைவாகவே விலையேற்றத்தைக் கணக்கிட்டாலும், 2011-ல் 1,000 ரூபாய்க்கு வாங்கியதை 2023-ல் வாங்க ஏறத்தாழ 1,800 ரூபாய் வேண்டும். ஆக, 200 ரூபாய் கூட்டியதாகச் சொல்லப்பட்ட அந்த நாளில் உண்மையில் 600 ரூபாய் குறைந்திருந்தது. 2021 தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளும் இந்தத் தொகையை உயர்த்துவதாக வாக்குறுதி தந்தன. அது போதாது. விலைவாசியோடு சேர்ந்து தானாக ஏறும்படி செய்வோம் என்ற உறுதிமொழிதான் வேண்டும். அரசு ஊழியர்களின் அகவிலைப்படி ஜனவரியிலும் ஜூலையிலும் விலைக் குறியீட்டெண்ணை வைத்துக் கணக்கிடப்படுகிறதே, அதே குறியீட்டெண் முதியோருக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை (60 வயது ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதுப் பெண்களுக்கு 50 சதவீதம்) 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி நிறுத்தப்பட்டது. தற்காலிகம் என்றே எல்லோரும் நம்பினார்கள். சலுகை திரும்பாமலேயே 2024 மக்களவைத் தேர்தலும் முடிந்தது.

இவை இரண்டையும்விட எனக்குக் கவலை தருவது பயனாளிகள் பட்டியலிலிருந்து பெயரை நீக்குவது. இதில் பாதிக்கப்படுபவர் தனி ஆள். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பணம் வந்துகொண்டிருக்கும், அதனால் கூட்டமாகக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் மின்சாரம் என்றொரு வரம்பு 2023-ல் வைக்கப்பட்டது. ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருக்கும் வீட்டில் அந்த எண்ணைத் தாண்டுவது சுலபம். தாண்டியது எந்தக் குடும்பம் என்று மீட்டர் சொல்லாது. நிராகரித்ததாகக் குறுஞ்செய்தி வந்தால் 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று விதி இருந்தது. குறுஞ்செய்தியைப் படிக்கத் தெரியாதவருக்கு அந்த 30 நாள் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்றே தெரிந்திருக்காது.

இன்னொன்று, ஆதார் வழியாகப் பணம் போகும் திட்டங்களில் கடைசியாக எந்த வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைக்கப்பட்டதோ அங்கேதான் பணம் விழும். நகைக்கடனுக்காகப் புதுக் கணக்கு தொடங்கிய பாட்டி பழைய பாஸ்புக்கில் வரவு இல்லாததைப் பார்த்து, உதவி நின்றுவிட்டது என்றே நினைத்துக்கொள்வார். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைவதற்கு முன் ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தும் பணம் வரவில்லை என்றால், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் நிறுத்தியதற்கான காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். வாய்மொழிப் பதிலை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் பதிவு எண்ணுள்ள ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பக் கூடாது.

ஓட்டுக் கேட்டு வருகிற எல்லாக் கட்சிகளிடமும் இரண்டு வாக்குறுதிகளைக் கேட்க வேண்டுகிறேன். ஒன்று, உதவித்தொகை ஆண்டுதோறும் விலைக் குறியீட்டெண்ணோடு ஏற வேண்டும். மற்றொன்று, யாருக்கு நிறுத்துவதானாலும் முதலில் வீட்டுக்கு எழுத்து மூலம் அறிவிப்பு வர வேண்டும். ஊரில் எத்தனை பெயர் எடுக்கப்பட்டது, எந்தெந்தக் காரணத்துக்காக எத்தனை என்ற கணக்கை அடுத்த கிராம சபையில் வாசிக்க வேண்டும். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று சபை கூடும் நாட்கள் ஏற்கெனவே இருக்கின்றன. சபையில் கணக்கை வாசிப்பதற்குப் புதிதாக ஒரு ரூபாய் நிதியும் ஒதுக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்