இரவல் வெள்ளாடை

அன்பு மகளுக்கு,

சித்தியின் பட்டுப்புடவையை இரவல் வாங்கி நிச்சயதார்த்தத்துக்கு உடுத்த மாட்டேன் என்று போனில் அழுதாய். எனக்குப் பேச்சே எழவில்லை.

நேற்று இங்கே ஜெருசலேமில் பௌர்ணமி. யூதர்களுக்கு ஆவ் மாதம் 15. தூ பெ-ஆவ் என்பார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது காதல் நாள், கையில் பூங்கொத்தோடு திரிகிறார்கள். அதற்கு ஆறு நாளுக்கு முன்புதான் இங்கே இருந்த பழைய யூத ஆலயம் இடிந்த துக்கநாள். நான் பார்த்துக்கொள்ளும் பாட்டி தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்தைய மூன்று வாரம், நம் ஆடியைப் போல, பலர் கல்யாணம் வைப்பதில்லை. இப்போது மண்டபங்களில் மறுபடி விளக்கு எரிகிறது.

மிஷ்னா, தல்மூத் என்ற யூதர்களின் பழைய சமய நூல்களில் இருப்பதைப் பாட்டிதான் சொன்னார். ஆலயம் இருந்த காலத்தில் இந்த நாளில் ஜெருசலேம் பெண்கள் வெள்ளை உடுத்தித் திராட்சைத் தோட்டங்களில் ஆடுவார்களாம். அத்தனையும் இரவல் உடை! இல்லாதவள் கூசக் கூடாது என்று, இருப்பவளும் இரவல்தான் வாங்க வேண்டும். அரசன் மகள் தலைமைக் குருவின் மகளிடம் வாங்குவாள்; அவள் துணைக்குருவின் மகளிடம்; இப்படியே போகும். பெட்டியில் மடித்து வைத்திருந்த துணியானாலும் நீரில் முக்கி எடுத்த பிறகே உடுத்த வேண்டும்.

"இளைஞனே, அழகைப் பார்க்காதே, குடும்பத்தைப் பார்" என்பார்களாம். நம் ஊர்த் தரகர் பேச்சேதான்! தல்மூதில் இன்னொன்றும் உண்டு. அழகு குறைந்தவர்கள், "கடவுளுக்காக எங்களைக் கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் பொன் பூட்டிவிடுங்கள்" என்பார்களாம். பார்த்தாயா, அங்கே பொன் கேட்டவள் பெண். பாட்டிக்கு ஊட்டிக்கொண்டிருந்த கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. உன் கழுத்துக்குப் பவுன் சேர்க்கத்தானே நான்கு வருடமாக இந்த ஊரில் கிடக்கிறேன்.

ஏழாம் வகுப்பு ஆண்டு விழாவில் பக்கத்து வீட்டுப் பாவாடையை உடுத்தி ஆடினாய். "அது என் பாவாடை" என்று அந்தப் பெண் எல்லோர் முன்னும் சொன்னாள். நீ மறக்கவில்லை. நானும்தான்.

அதனால் காலையில் சித்தியிடம் பேசிவிட்டேன். அவள் பட்டை நீ உடுத்து. என் கூறைப்புடவை பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது, அதைச் சித்தி உடுத்துவாள். அவள் மகள் அத்தையுடையதை, அத்தை அவளுடையதை. அன்று நம் வீட்டில் எவரும் சொந்தப் புடவையில் வரப்போவதில்லை. அத்தை கொஞ்சம் முனகினாள், பிறகு ஒப்புக்கொண்டாள்.

கூறைப்புடவையில் அந்துருண்டை வாசம் இருக்கும். இரண்டு நாள் நிழலில் உலர்த்திக் கொடு.

அம்மா