குடிநீர்ப் பரிசோதனை முடிவுகளை அரசியல் தலையீடின்றி ஊரறிய வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்
ஊர்ப் பொதுமக்கள் மற்றும் குடிநீர்ப் பரிசோதனைப் பயிற்சி பெற்ற மகளிர்,
(ஊராட்சியின் பெயரும் கையொப்பங்களும் இணைப்பில்)
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தருமபுரி.

பொருள்: குடிநீர் – ஃபுளோரைடு பரிசோதனை முடிவுகளை எவருடைய ஒப்புதலுக்கும் காத்திராமல் மக்களுக்கு நேரடியாக அறிவித்தல் – மாதிரி எடுக்கும் முறையை வரையறுத்தல் – பரிசோதனைப் பணியாளர்களுக்குப் பாதுகாப்பு அளித்தல் – வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புதிய ஆழ்துளைக் கிணறோ மேல்நிலைத் தொட்டியோ கேட்டு இம்மனுவை நாங்கள் எழுதவில்லை. நாங்கள் குடிக்கும் நீரில் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறது என்பதை அரசு தன் செலவில், தன் ஆய்வகத்தில், தன் பணியாளரைக் கொண்டு அளந்த பிறகு, அந்த அளவு எங்களுக்குத் தெரியவருவதற்கு அரசியல் பிரமுகர் எவரும் குறுக்கே நிற்கக் கூடாது என்று ஆணையிடும்படி வேண்டுகிறோம். மனுவின் சாரம் இவ்வளவே. ஆனால், இதைக் கேட்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஃபுளோரைடு இம்மாவட்டத்துக்குப் புதிதல்ல என்பது தாங்கள் அறிந்ததே. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில், ஃபுளோரைடு மிகுதியால் வரும் ஃபுளோரோசிஸ் நோய் 1937 ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் பதிவாகிவிட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களும் (2004 பிப்ரவரிக்கு முன் இவை ஒரே மாவட்டம்) கடினப் பாறையின் மேல் அமைந்தவை. அந்தப் பாறையிலுள்ள கனிமங்களிலிருந்து கரைந்து வருவதே நம் நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடு. மழை பொய்த்து, போர் (ஆழ்துளைக் கிணறு) ஆழமாகப் போகப் போக, பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீரே மேலே வருவதால், பெரும்பாலும் அதன் அளவும் ஏறுகிறது. இதில் எந்தக் கட்சியின் குற்றமும் இல்லை, எந்த அதிகாரியின் குற்றமும் இல்லை. யாருடைய குற்றமும் இல்லாத ஒன்றை ஏன் மறைக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரநிலைப்படி, லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால், பற்கள் உருவாகும் பருவத்தில், அதாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள், குழந்தைகளின் பற்களில் வெண்திட்டும் பழுப்புக் கோடும் விழுகின்றன. எவ்வளவு துலக்கினாலும் அவை போவதில்லை. அளவு மிகுந்த நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் மூட்டுகளும் முதுகெலும்பும் இறுகிப்போகின்றன. கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு நீங்காது; நீர் சுண்டும்போது அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே, ‘தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்’ என்று நல்லெண்ணத்தோடு எழுதி ஒட்டப்படும் அறிவிப்பு, எங்கள் ஊரைப் பொறுத்தவரை அரைகுறை அறிவுரைதான்.

இக்கேட்டைப் போக்கவே, நோயின் பெயரையும் தன் பெயரில் தாங்கிய ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம், ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு ரூ.1,928.80 கோடி மதிப்பில் நிறைவேற்றப்பட்டு, 2013 மே மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. ஓர் ஆட்சியில் தொடங்கி மறு ஆட்சியில் முடிந்த திட்டம் இது. எங்கள் நன்றி இரு தரப்புக்கும் உரியது. ஆயினும் 2008 ஏப்ரலில், கர்நாடகச் சட்டமன்றத் தேர்தல் முடியட்டும் என்று இத்திட்டம் நிறுத்திவைக்கப்பட்டதை இம்மாவட்டத்தார் மறக்கவில்லை. எங்கோ நடந்த தேர்தலுக்காக இங்கே எங்கள் பல்லும் எலும்பும் காத்திருக்க வேண்டியிருந்தது.

காவிரி நீர் எங்கள் ஊர்த் தொட்டிக்கும் வருகிறது. ஆனால் அன்றாடம் வருவதில்லை; வருகிற நாளிலும் போதிய அளவு வருவதில்லை. பற்றாக்குறையை ஈடுகட்ட அதே தொட்டியில் போர் நீரும் ஏற்றப்படுகிறது. இதற்காக டேங்க் ஆபரேட்டரை நாங்கள் குறை சொல்லவில்லை; குடம் ஏந்தி நிற்பவர்களுக்கு அவர் வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் இதனால் விளைவது என்னவென்றால், ஒகேனக்கல் நீர் ஏறிய மறுநாள் காலையில் தெருக்குழாயில் மாதிரி எடுத்தால் ஃபுளோரைடு வரம்புக்குள் இருக்கிறது. சில நாட்கள் காவிரி நீர் வராமல் போர் நீர் மட்டும் ஓடும்போது அதே குழாயில் எடுத்தால் வரம்பைத் தாண்டிவிடுகிறது. இரண்டு அறிக்கைகளும் உண்மையே. அவற்றில் எதை ஊருக்குக் காட்டுவது என்று ஒருவர் தேர்ந்தெடுக்கும்போதுதான் பொய் உள்ளே நுழைகிறது.

எங்கள் ஊரில் நடந்ததும் அதுவே. ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரப்படுவதைத் தாங்கள் அறிவீர்கள். சோதனைக் குழாயில் நீரை நிரப்பி அதற்குரிய மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சிவப்பு நிறம் அப்படியே நின்றால் கவலையில்லை. அது வெளுத்து மஞ்சளை நோக்கிப் போகப் போக ஃபுளோரைடு கூடுதல் என்று பொருள். அங்கன்வாடிக்கு அருகிலுள்ள மினி டேங்க் நீரில் எங்கள் கண்ணெதிரே நிறம் மஞ்சளாயிற்று. பிள்ளைகளை அழைத்துப்போக வந்த தாய்மார்கள் குழாயை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, அட்டையிலுள்ள நிறக் கட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெட்டி காட்டுவது தோராயமே, ஆய்வக முடிவே இறுதியானது என்று பயிற்சியில் சொல்லியிருந்ததால், முறைப்படி மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்டோம், அனுப்பவும் பட்டது.

முடிவு வந்துவிட்டது என்பது எங்களுக்குத் தெரியும். அது என்ன என்பது இன்றுவரை தெரியாது. கேட்டபோதெல்லாம் ‘மேலே கேட்டுச் சொல்கிறோம்’ என்ற பதிலே வந்தது. பிறகு உள்ளூர்க் கட்சிப் பிரமுகர் ஒருவர் வீடு வீடாக வந்து, “எலக்ஷன் நேரத்துல ஊர் பேரைக் கெடுக்காதீங்கம்மா, ரிசல்ட் நல்லாத்தான் வந்திருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லதாக வந்த முடிவைப் பலகையில் எழுதிப் போடுவதில் என்ன தடை? அந்த நீரைக் குடிக்கும் எங்களுக்குக் காட்டப்படாத தாள், எந்த அரசுப் பொறுப்பிலும் இல்லாத அவர் கண்ணுக்கு எப்படி எட்டியது? சில நாட்களில், ஒகேனக்கல் நீர் ஏறிய ஒரு காலை நேரத்தில், இரண்டாவது மாதிரி எடுக்கப்பட்டது. எந்தக் குழாயில் பிடிக்க வேண்டும் என்று கைகாட்டியவரும் அதே பிரமுகர்தான். அந்த இரண்டாவது முடிவு மட்டும் உடனே ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. இதற்கிடையே, பள்ளிப் பல் பரிசோதனைப் பதிவேட்டில் பழுப்புக் கறை கண்ட குழந்தைகளைச் சொத்தைப் பல் என்றே குறித்துவிடும்படி வாய்மொழியாகச் சொல்லப்பட்டதாகப் பணியாளர் ஒருவர் எங்களிடம் வருந்திச் சொன்னார். எந்த அலுவலகம், யார் யார் என்பதை வேண்டுமென்றே இங்கு எழுதவில்லை. ஒருவரைத் தண்டித்துவிட்டு முறையை அப்படியே விட்டுவிடுவதில் எங்களுக்குப் பயனில்லை.

இது சிறிய ஊரின் சிறிய வழக்கு என்று தோன்றலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்ற நகரில், செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில் குடிநீர் ஆதாரம் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கப்படாததால் பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வந்தது. 2015 இல் திரட்டிய மாதிரிகளில் ஈயம் மிகுந்திருந்த இரண்டை மாநிலச் சுற்றுச்சூழல் துறை கணக்கிலிருந்து நீக்கச் செய்தது. நகரின் அளவு, நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டிய எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர், பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை வெளியிட்டபோது, மாநில அதிகாரிகள் முதலில் அவரையே குறை கூறினர். சில நாட்களுக்குள் அவர் கணக்கே சரி என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அக்டோபரில் பழைய நீராதாரத்துக்கே திரும்பினார்கள். அங்கே நஞ்சு குழாயிலிருந்து வந்தது, இங்கே பாறையிலிருந்து வருகிறது. எந்த மாதிரி கணக்கில் சேர வேண்டும் என்பதில் கை வைத்த விதம் இரண்டு இடத்திலும் ஒன்றே.

முடிவை வெளியிட்டால் மக்களிடையே பீதி பரவும் என்று சொல்லப்படுகிறது. 2020 ஜூலையில், சென்னையில் விடுபட்டுப்போன 444 கொரோனா மரணங்களை, தான் அமைத்த குழுவின் ஆய்வின்படி தமிழக அரசே முன்வந்து கணக்கில் சேர்த்து அறிவித்தது. அதனால் பீதி பரவவில்லை. அரசின் அடுத்தடுத்த கணக்குகளை நம்புவதற்கு ஓர் அடிப்படை கிடைத்தது. மேலும், ஒகேனக்கல் இரண்டாம் கட்டத் திட்டம் குறித்துப் பேசப்படும் இவ்வேளையில், எந்தக் குடியிருப்புக்கு முதலில் கூடுதல் நீர் தருவது என்பதை ஃபுளோரைடு அளவுகளைப் பார்த்தே முடிவு செய்வது நியாயம். எங்கள் ஊர் நீர் நன்றாக இருக்கிறது என்று ஏட்டில் எழுதிவிட்டால் நாளை வரிசையில் கடைசியில் நிற்கப்போவது நாங்கள்தான். ஊர்ப் பெயரைக் காப்பாற்றுவதாகச் சொல்பவர் உண்மையில் ஊரின் பங்கைத்தான் இழக்கச் செய்கிறார்.

பணியாளர்களைப் பற்றியும் ஒரு சொல். வேலைவாய்ப்பு ஆய்வறிக்கை ஒப்புதலுக்குப் பின்னும் வெளியிடப்படாத நிலையில், தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர் இருவர் 2019 ஜனவரியில் பதவி விலகினர். அமெரிக்காவில் 2025 ஜூனில், தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் 17 உறுப்பினர்களையும் அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் ஒரே அறிவிப்பில் நீக்கினார். அவ்வளவு உயரத்தில் இருப்போருக்கே இந்நிலை என்றால், ஒப்பந்த ஊதியத்தில் இருக்கும் ஆய்வக நுட்புநரும், இடமாறுதலுக்கு அஞ்சும் கிராம சுகாதாரச் செவிலியரும் ஒரு பிரமுகரின் தொலைபேசி அழைப்பை எப்படி எதிர்த்து நிற்பார்கள்?

எனவே, ஆய்வகத்தில் கையொப்பமாகும் ஒவ்வொரு குடிநீர் அறிக்கையும் அலுவலகத்துக்குச் செல்லும் அதே நாளில் ஊராட்சியின் தகவல் பலகையிலும் மேல்நிலைத் தொட்டியின் அடிச்சுவரிலும் எழுதப்பட வேண்டும் என்றும், அதில் ஃபுளோரைடு அளவோடு மாதிரி எடுத்த இடம், நாள், நேரம், அன்று தொட்டியில் இருந்தது ஒகேனக்கல் நீரா, போர் நீரா, இரண்டின் கலப்பா என்பதும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்றும் ஆணையிடக் கோருகிறோம். எங்களுக்கு இதுவே முதன்மையானது. இந்த விவரம் இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. காவிரி நீர் வராத நாட்களில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நேரடியாக ஒரு மாதிரி எடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். மாதிரி எடுக்கும்போது பயிற்சி பெற்ற மகளிரில் ஒருவர் உடனிருந்து கையொப்பமிடவும், அரசுப் பணியில் இல்லாத வேறெவரும் இடம் சுட்டாமல் இருக்கவும் வழி செய்ய வேண்டும். ஆண்டுதோறும் மார்ச் 22 உலக நீர் நாள் கிராம சபையில், அவ்வாண்டின் அறிக்கைகள் அனைத்தும், நல்லதும் கெட்டதும், வாசிக்கப்பட வேண்டும். நிறுத்திவைக்கப்பட்டுள்ள எங்கள் முதல் அறிக்கையின் நகலைத் தந்து, பள்ளிக் குழந்தைகளின் பற்களைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்களைக் கொண்டு மறுமுறை பார்க்கச் செய்தால் பேருதவியாக இருக்கும். உண்மையான அளவைப் பதிவுசெய்த காரணத்துக்காக எந்தப் பணியாளரும் இடமாற்றமோ விளக்கக் குறிப்பாணையோ பெறாதபடி தங்கள் கையொப்பத்தில் ஒரு சுற்றறிக்கையும் தேவை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளலாமே என்று கேட்கப்படலாம். அச்சட்டத்தின் 4 ஆம் பிரிவு, கேட்காமலேயே வெளியிட வேண்டிய கடமையை அலுவலகங்களுக்கு விதித்திருக்கிறது. 30 நாள் காத்திருந்து பெற வேண்டிய தாளல்ல, அன்றாடம் குழந்தை குடிக்கும் நீரின் அளவு. மாசற்ற நீர் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991 ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. பொதுச் சுகாதாரத்துக்கென 1939 ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றிய மாநிலத்தில் புதிய சட்டம் எதையும் நாங்கள் கேட்கவில்லை.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும், தாங்கள் விரும்பினால் ஒகேனக்கல் நீர் வராத ஒரு நாளில் எங்கள் ஊருக்கு வந்து தங்கள் முன்னிலையிலேயே மாதிரி எடுக்கச் செய்யுமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்.

இணைப்பு: ஊர் மக்களின் கையொப்பத் தாள்கள்; களப் பரிசோதனைப் பதிவேட்டின் நகல்; சோதனைக் குழாயின் புகைப்படங்கள்.