பூங்கா மரப் பாதுகாப்புப் பணி, 2019: உறுப்பினர்களுக்கான நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

திருவான்மியூரில் நம் குடியிருப்பை ஒட்டிய மாநகராட்சிப் பூங்காவில், முறையான அனுமதி பெற்றுக் கடந்த ஏப்ரலில் தொடங்கிய மரப் பாதுகாப்புப் பணி, வடகிழக்குப் பருவமழை வந்ததையடுத்து அக்டோபர் இறுதியில் நிறைவுற்றது. மூத்த மரங்கள் 38இல் 37 பிழைத்தன. வர்தா புயலுக்குப் பிறகு நட்ட 24 இளமரங்களில் 3 பட்டுப்போயின.

குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது மரத்துக்கு லாரி எதற்கு என்று சென்ற கூட்டத்தில் கேட்கப்பட்டது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவான 11,257 மில்லியன் கன அடியில், ஜூன் மாதம் நூற்றில் ஒரு பங்குகூட இருக்கவில்லை. ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. குடத்தோடு நள்ளிரவில் வரிசையில் நின்றவர்களில் குழுவினரும் உண்டு என்பதால், குடிநீரில் ஒரு சொட்டும் மரத்துக்குப் போகக் கூடாது என்பதே எங்கள் முதல் தீர்மானம். பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள ஓர் அடுக்ககத்தின் சுத்திகரித்த கழிவுநீரை மட்டுமே பேசி வாங்கினோம். மூக்கைப் பொத்திக்கொண்டு நடைப்பயிற்சி செய்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கொரியன் புல்லைக் காயவிட்டது குழுவின் அலட்சியமன்று, தீர்மானம். புல்லை மீண்டும் பதித்தால் இரண்டு மாதத்தில் பச்சை திரும்பிவிடும். தூங்குமூஞ்சி மரம் அந்தத் தண்டுக்கு வர நாற்பது ஆண்டு ஆகியிருக்கிறது. அதேபோல, தினமும் தெளிக்காமல் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, அதுவும் அடிமரத்தில் ஊற்றாமல் கிளை விரிப்பின் விளிம்புக்கு நேர்கீழே வட்டப்பாத்தி கட்டி மெதுவாக ஊறவிட்டதற்குக் காரணம், நீரை உறிஞ்சும் நுனிவேர்கள் அங்கேதான் மிகுதி என்பதே. ஜூன் 20 அன்று பெய்த மழையைக் கண்டு லாரியை நிறுத்தச் சொன்ன நண்பர்களுக்காக மறுநாள் காலையில் கடப்பாரையால் குத்திக் காட்டினோம். இரண்டு விரற்கடைக்குக் கீழே மண் புழுதியாக இருந்தது.

மதிப்பீட்டைவிட 9,600 ரூபாய் கூடிய கதையை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜூலை இரண்டாம் வாரத்தில் நாகலிங்க மரத்தின் இலை விளிம்புகள் அப்பளம் போல் பழுப்பேறிச் சுருண்டன. வெயில்தான் என்று இரண்டு நாள் ஏமாந்தோம். செண்பகமும் அவ்வாறே கருகத் தொடங்கியபோது, குழு உறுப்பினர் ஒருவர் லாரியின் குழாயில் ஒழுகிய நீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர், முதல் லோடில் 900 காட்டியது, அன்று 3,600 காட்டியது. அடுக்ககத்தில் காத்திருக்க நேரமின்றிக் கடலோரக் கிணறு ஒன்றில் நிரப்பி வந்ததாக ஒப்பந்ததாரரே பின்னர் ஒப்புக்கொண்டார். "மரத்துக்குத்தானே சார், குடிக்கவா போறீங்க?" என்று கேட்ட அவர், பூவரசையும் புன்னையையும் சுட்டி, அவை நன்றாகத்தானே இருக்கின்றன என்று வாதாடினார். அவை உப்புக்காற்றிலேயே வளரும் கடற்கரை மரங்கள்; நாகலிங்கம் அப்படியன்று. வேர்மண்டலத்தில் தங்கிய உப்பைக் கீழே தள்ள உப்புக் குறைந்த நீரை மிகுதியாகப் பாய்ச்சுவதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கு லோடு 3,200 ரூபாய் வீதம் 5 லோடு, ஆக 16,000 ரூபாய் ஆயிற்று. உப்புநீர் லோடு நான்குக்கும் பாதித் தொகைதான் என்று மூன்று வாரம் மன்றாடி 6,400 ரூபாய் பிடித்தோம். முழுவதையும் பிடித்திருக்க வேண்டும் என்போரிடம் ஒன்று சொல்ல வேண்டும்: அந்த ஜூலையில் வேறு லாரி கிடைக்கவில்லை. ஆனால் லாரி வந்தவுடன் மீட்டரை வைக்காதது எங்கள் தவறு. செண்பகம் போனதற்கு அந்த நான்கு லோடுகளே காரணமாக இருக்கலாம். குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரம் உப்பைப் பிரித்து வெளியேற்றும் கழிவுநீரைத் தர முன்வந்த வீடுகளுக்கு நன்றியோடு மறுப்புச் சொன்னதும் இதே உப்புக் காரணத்தால்தான். யாரையும் அவமதிக்க அன்று.

நடைபாதையில் அடிமரத்தை நெரித்த சிமென்ட் பூச்சு உடைக்கப்பட்டது. சருகு மூடாக்கு இடப்பட்டது. மருந்தீசுவரர் கோயில் தலமரமான வன்னியின் இனத்தைச் சேர்ந்த நம் ஒற்றை வன்னி, எதையும் கேட்கவில்லை.

நன்கொடையாளர் பெயர்ப்பட்டியல் அறிவிப்புப் பலகையில் உள்ளது. பெயர் வேண்டாம் என்றவர்களை இங்கே நினைவுகூர்கிறோம்: நீர் மெல்லக் கசியும்படி இளமரங்களின் அருகே புதைக்க 24 மண்பானைகள் தந்த முதல் குறுக்குத் தெரு அம்மையார், ஏசி நீரைத் தினமும் இரண்டு வாளி இறக்கிவந்த மாடி வீட்டுக் கல்லூரி மாணவர்கள், அரிசி கழுவிய நீரைச் சேர்த்தளித்த மெஸ்காரர், தேய்ப்புக் கடைக்காரர் கொடுத்த 200 ரூபாய், மீட்டரை இரவல் தந்து இன்னும் திருப்பிக் கேட்காத ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்.

ரசீதுகளும் லோடு வாரியான பதிவேடும் அலுவலக அறையில் உள்ளன. ஞாயிறு காலை 10 மணிமுதல் 12 மணிவரை யாரும் பார்வையிடலாம். பட்டுப்போன செண்பகம் அடுத்த கூட்டம்வரை வெட்டப்படாது.

இப்படிக்கு,
செயலாளர், மரப் பாதுகாப்புக் குழு