செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களே, நிர்வாகசபையினரே, ஊரிலும் கடல்கடந்தும் வாழும் அங்கத்தவர்களே, வணக்கம்.

எமது ஒன்றியத்தில் பலர் இலங்கைக் குடியுரிமையோடு கனடா, பிரித்தானியா, சுவிற்சர்லாந்து, அவுஸ்திரேலியா என இன்னொரு நாட்டின் குடியுரிமையும் உடையவர்கள். இவ்வாண்டு நிர்வாகசபையை அதிகம் அலைக்கழித்தவை விடுமுறை நாட்களே.

இலங்கைச் சுதந்திர தினமான பெப்ரவரி 4, செவ்வாய் காலை 8.30க்கு வாசிகசாலை முன்றலில் கொடி ஏற்றப்பட்டது. அந்நாளைக் கரிநாளாகக் கொள்வோரும் எம்மிடையே உள்ளனர். ஆகவே வரவு கட்டாயமில்லை. வராதோர் பெயர் குறிக்கப்படவும் இல்லை. தேசிய கீதம் தமிழில், பண்டிதர் மு. நல்லதம்பியின் மொழிபெயர்ப்பில் பாடப்பட்டது.

கொடி கட்டுவோர் கவனிக்க: பச்சை, செம்மஞ்சள் பட்டைகள் கம்பப் பக்கம் வரவேண்டும், பச்சை கம்பத்தை ஒட்டி. சிங்கம் கம்பத்தைப் பார்க்கும். வாள் நுனி மேலே. சுருட்டிய கொடியில் இது தெரியாது, முதல்நாள் பின்னேரம் ஒருமுறை ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். உப்புக்காற்றில் கப்பி துருப்பிடித்து இறுகுவதால் அப்போதே கிறீஸ் பூசவேண்டும். பாதியில் சிக்கி அரைக்கம்பத்தில் நிற்கும் கொடிக்கு வேறு பொருள் உண்டல்லவா.

யூலை 1 கனடா தினத்துக்கு அந்நாட்டுக் கொடியையும் அதே கம்பத்தில் ஏற்றக் கேட்டிருந்தார்கள். ஒரு நாட்டுக் கொடிக்குக் கீழே இன்னொரு நாட்டுக் கொடி பறப்பது முறையல்ல. சம உயரத்தில் இரண்டு கம்பம் வேண்டும். எம்மிடம் இருப்பது ஒன்று. ஓகஸ்ட் 1 சுவிஸ் தேசிய தினத்துக்கு அந்நாட்டுக் கொடி கேட்டவர்களுக்கும் இதே பதில்தான். அது சதுரம், எமது கொடி 1:2 அளவு. கம்பம் இரண்டான பிறகு கொடிகளின் உயரத்தைச் சமனாக்கினால் போதும்.

சூம் வழியான இணைப்பு சரிவரவில்லை. எமது காலை 8.30 ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 10.00, இலண்டனில் அதிகாலை 3.00, சூரிச்சில் 4.00. எனவே ஒன்றுகூடலை பெப்ரவரி 8, சனி இரவு 7.30க்கு வைத்தோம். ரொறன்ரோவில் காலை 9.00, இலண்டனில் பிற்பகல் 2.00. மெல்பேர்ண்காரருக்கு மட்டும் நள்ளிரவு தாண்டி 1.00, அவர்கள் பொறுத்தருள வேண்டும். பலர் சேர்ந்து பாடினால் ஒலி முன்பின்னாக வந்து குழம்பும். எல்லாருடைய ஒலிவாங்கியையும் நிறுத்தி, ஒரே இடத்திலிருந்து பாடவேண்டும். இரைச்சல் நீக்கும் வசதியையும் அணைக்கவேண்டும். இல்லையேல் அது நாதஸ்வரத்தையே இரைச்சலென்று விழுங்கிவிடும்.

மார்ச் 15 கூட்டத்துக்குக் கனடா அங்கத்தவர்கள் ஒரு மணிநேரம் முந்தி வந்து காத்திருந்தனர். அங்கே மார்ச் 9இலேயே மணிக்கூடு மாறிவிட்டது. ஐரோப்பாவில் 30இல்தான் மாறியது. இனி எல்லா அறிவித்தலும் யாழ்ப்பாண நேரத்திலேயே வரும்.

பத்துநாள் லீவில் வருவோர் கட்டாயம் இலங்கை நாட்காட்டியைப் பார்க்கவேண்டும். இவ்வாண்டு ஜனவரி 13 போயா என்னும் பௌர்ணமி விடுமுறை, 14 தைப்பொங்கல். முந்திய சனி, ஞாயிறையும் சேர்த்தால் பிரதேச செயலகம் நான்கு நாள் பூட்டு. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் என்று வந்தவர்கள் பொங்கலோடு திரும்பினார்கள். தீபாவளியும் சிவராத்திரியும் பொது, வங்கி விடுமுறைகள். வர்த்தக விடுமுறை அல்ல. கடை திறந்திருக்கிறதே என்று வங்கிக்குப் போகவேண்டாம். 2026 ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை 13, 14 திங்கள், செவ்வாய். 11 முதல் 14 வரை அலுவல் எதுவும் நடக்காது.

கடிதங்களில் ‘சித்திரை 10’ என்று எழுதுவதைத் தவிர்க்கவும். ஊர் வழக்கில் அது ஏப்ரல் 10. பஞ்சாங்கப்படி ஏப்ரல் 23. இந்தக் குழப்பத்தில் விமானச்சீட்டே வீணாகலாம்.

இரண்டு கடவுச்சீட்டு உள்ளோர் இலங்கைக்குள் வந்த கடவுச்சீட்டிலேயே வெளியேறவேண்டும். கனடாவுக்குத் திரும்பும் விமானமேற, செல்லுபடியாகும் கனடாக் கடவுச்சீட்டும் கையில் வேண்டும். இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது.

இரண்டாவது கம்பத்துக்கும் புதிய கப்பிக்குமான பிரேரணை நிகழ்ச்சிநிரலில் ஐந்தாவதாக உள்ளது.

செயலாளர்
யாழ்ப்பாணம்