அடுத்த நிறத்துக்கு ஒப்புதல் தரும் முன்: ரயில்வே வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

ரயில்வே வாரியத்துக்கும் பெட்டி, லோகோ ஒர்க்ஷாப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

1990களில் ரயில் பெட்டிகளுக்குச் செம்பழுப்பு போய் நீலம் வந்தபோது அந்த நிறத்துக்கு ஒரு வேலை இருந்தது. ஏர் பிரேக் (அழுத்தக் காற்று பிரேக்) பெட்டி எது, பழைய வேக்குவம் (வெற்றிட) பிரேக் பெட்டி எது என்று தூரத்திலேயே சொல்லிவிடும். 2018இல், பழைய பெட்டிகளை மேம்படுத்தும் உத்கிருஷ்ட் திட்டத்தின் பழுப்பு வந்தது. 2023இல் வந்தே பாரத்துக்கு ஆரஞ்சு வந்தது. இனி வரும் மாற்றத்தில் நாங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: பழைய பெயின்டின் மேலேயே புது நிறத்தை ஏற்ற வேண்டாம்.

பூச்சு தடிமனாக ஆக அதன் நெகிழ்வு குறையும். ஓடும் பெட்டி அதிர்ந்துகொண்டே இருப்பதால் கதவு மூலையிலும் ஜன்னல் விளிம்பிலும் முதல் விரிசல் விழும். அதன் வழியே தண்ணீர் இறங்கினால் பெயின்ட் தகடுதகடாக உரியும். பூச்சின் ஒட்டுதலைச் சோதிக்கும் கட்டக்கீறலில், தடிமன் 60 முதல் 120 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருந்தால் 2 மி.மீ., 250 வரை இருந்தால் 3 மி.மீ. இடைவெளியில் ஆறுக்கு ஆறு கோடு போட்டு 25 கட்டத்தையும் பார்ப்பார்கள். 250 மைக்ரானைத் தாண்டிய பூச்சுக்கு அந்தச் சோதனையே பொருந்தாது. பல நிறம் கண்ட பெட்டியில் பூச்சின் தடிமனை முதலில் அளந்து பாருங்கள்.

ஜெர்மன் வடிவமைப்பில் வந்த எல்எச்பி பெட்டியின் துருப்பிடிக்காத எஃகில் இன்னொரு சிக்கல். வழவழப்பான பரப்பில் பிரைமர் (அடிப்பூச்சு) பிடிக்காது, சொரசொரப்பாக்க வேண்டும். அதற்கு இரும்புத் துகளை அடித்தால் துகள் தகட்டில் பதிந்து, பின்னாளில் பழுப்புப் புள்ளியாகத் தெரியும். அலுமினா போன்ற இரும்பில்லாத துகள்தான் சரி.

பாலியூரித்தேன் டாப் கோட்டின் (மேல்பூச்சின்) ஹார்டனருக்கு, அதாவது பெயின்டை இறுகவைக்கக் கலக்கும் திரவத்துக்கு, ஈரம் எதிரி. ஈரத்தோடு வினைபுரிந்து வாயு கிளம்பும். ஊசிமுனைத் துளையும் மங்கலும் அதனால்தான். தகட்டின் வெப்பம், காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். மழைக்கால விடியலில் தேதிக்காக அவசரப்பட்டு அடிப்பது பெயின்டை வீணாக்குவதுதான். அந்த ஹார்டனரில், மூச்சில் போனால் நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே கன் பிடிப்பவருக்குத் துணி முகமூடி போதாது, வெளிக்காற்று வரும் முகக்கவசம் கட்டாயம். இதில் சமரசமே கூடாது.

வடிவமைப்பாளர்களுக்கு: ஒவ்வொரு கூடுதல் பட்டைக்கும் உப்புத்தாள் தேய்ப்பு, மாஸ்கிங் டேப், காயும் நேரம் என்று தனிச் சுற்று உண்டு. டேப்பைப் பெயின்ட் முழுக்க இறுகும் முன் உரிக்காவிட்டால் விளிம்பு கிழிந்து வரும். லோகோவில் விளம்பர வினைல் ஒட்டினால் கீழுள்ள நிறம் வெயில்படாமல் இருக்கும், சுற்றியுள்ளது வெளுக்கும். உரித்த பிறகு பழைய விளம்பரத்தின் நிழல் அப்படியே நிற்கும். பிரேக் துகள் படியும் கீழ்ப்பகுதிக்கு வெளிர்நிறம் கேட்காதீர்கள். இரும்புத் துகள் துருவேறினால் சோப்புத் தண்ணீருக்குப் போகாது.

பயணியையும் மறக்கக் கூடாது. முன்பதிவில்லாப் பெட்டியைக் காட்டும் கடைசி ஜன்னல் மேலுள்ள சாய்வுப் பட்டைகள், கூட்டத்தில் ஓடி வருபவருக்கு எழுத்தைவிட முந்தித் தெரிபவை. எந்தப் புது வண்ணத்திலும் அவை அதே இடத்தில் எடுப்பாக இருக்க வேண்டும். பார்வை குறைந்தவர் தடவித் தேடாமலிருக்க, கதவின் நிறம் சுவரிலிருந்து விலகித் தெரிய வேண்டும்.

பெட்டியின் ஓரத்தில் நிறக் குறியீட்டு எண், பெயின்ட் வகை, பூசிய தேதி மூன்றையும் ஸ்டென்சிலில் எழுத உத்தரவிடுங்கள். ஒரு பக்கம் உரசி வந்த பெட்டிக்கு வேறொரு டிப்போவில் டச்-அப் செய்பவர், கண்ணளவில் நிறம் கலக்காமல் அந்த எண்ணைப் பார்த்துக் கலக்கட்டும்.

இப்படிக்கு,
ரயில் பெயின்ட் வேலையை அறிந்தவர்கள்